சக்கர் ஒன்று, லோச் இரண்டு: அந்தக் கணக்கு தவறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டு மீன்தொட்டி பற்றி வந்த குறிப்பில், அடியில் சேரும் அழுக்கைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர் (கண்ணாடியில் வாயால் ஒட்டும் கெளுத்தி), ஒரு ரெட் டெயில் ஷார்க் (சிவப்பு வால் கொண்ட கெண்டை வகை), இரண்டு லோச் (அயிரை இனத் தரை மீன்) விட்டால் போதும் என்று ஒரு வரி இருந்தது. மீன் வாங்கக் கொளத்தூர் போகிறவர்கள் பல கடைகளில் கேட்கும் யோசனையும் ஏறக்குறைய இதுதான். இந்த நான்கையும் இரண்டடித் தொட்டியில் சேர்த்துவிட்டால் ஓராண்டில் என்ன ஆகும் என்பது மீன் வளர்ப்போருக்குப் பழகிய காட்சி. சக்கர் ஒரு சாணை எட்டியிருக்கும். ஷார்க் இரண்டு லோச்சையும் ஒரு மூலையில் ஒடுக்கியிருக்கும். லோச்சில் ஒன்று வயிறு ஒட்டிச் செத்திருக்கும். அழுக்கோ முன்பைவிடக் கூடியிருக்கும். அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்தருள்க.

முதலில் அழுக்குக் கணக்கு. எந்த லோச்சும், எந்தக் கெளுத்தியும் மற்ற மீன்களின் எச்சத்தைத் தின்பதில்லை. விழுந்த தீனியைப் பொறுக்கும், புழுவைத் தேடும், சில வகை பாசியைச் சுரண்டும், அவ்வளவே. தின்றதைத் தானும் கழிக்கும். ‘டேங்க் கிளீனர்’ என்று இரண்டங்குலத்தில் விற்கப்படும் சாதாரண சக்கர், வளர்ந்தால் 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை போகிற மீன். அது விடும் எச்சம் நூல் நூலாகத் தொட்டி முழுக்கத் தொங்கும். தரையைச் சுத்தம் செய்வது அழுக்கை நீரோடு உறிஞ்சி வெளியேற்றும் சைஃபன் குழாயும், வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றும் கையும்தான். தரை மீனைத் தரை மீனாகவே, அதற்கென்று இடமும் தீனியும் ஒதுக்கி வாங்க வேண்டும். அப்படி யோசித்தால் தேர்வே மாறிவிடும்.

இடம் என்றதும் பலரும் லிட்டரைச் சொல்கிறார்கள். நீந்தித் திரியும் டெட்ராவுக்கு அது ஓரளவு பொருந்தும். தரை மீனுக்குப் பார்க்க வேண்டியது நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வரும் தரைப்பரப்பு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 56 லிட்டர், அதன் தரை 2 சதுர அடி. அதே தொட்டியை ஒன்றரை அடி உயரத்தில் செய்தால் 85 லிட்டர் ஆகிவிடும், தரை அதே 2 சதுர அடிதான். அந்த 29 லிட்டரால் லோச்சுக்கு ஒரு பயனும் இல்லை. 3 × 1½ × 1½ அடித் தொட்டியில் 4½ சதுர அடித் தரை கிடைக்கும், சுமார் 190 லிட்டர் பிடிக்கும். தரை மீன் வகை இரண்டை நிம்மதியாகச் சேர்த்து வைக்க இதுதான் தொடக்க அளவு. இரண்டடித் தொட்டி என்றால் ஒரே வகைதான், அதிலும் சிறியது.

லோச் என்ற பெயர் புதிதாகப் படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் அயிரை ஒரு லோச். மதுரைப் பக்கம் உயிரோடு வாங்கி, வயிற்றிலுள்ள மண்ணைக் கக்குவதற்காகப் பாலிலோ மோரிலோ விட்டுப் பிறகு குழம்பு வைக்கிறார்களே, அதே மீன். அதன் அறிவியல் பெயரில் உள்ள ‘தெர்மாலிஸ்’ என்ற சொல், திருகோணமலைக்கு அருகே கன்னியா வெந்நீரூற்றிலிருந்து 1846-இல் அது விவரிக்கப்பட்டதால் வந்தது. வங்காளத்தில் ராணி மீன் என்று சந்தையில் விற்கப்படும் போட்டியா டாரியோவும் லோச்தான். அங்கே குழம்புக்குப் போவது இங்கே கண்ணாடித் தொட்டிக்கு வருகிறது. அயிரையைக் கண்ணாடித் தொட்டியில் வைக்கலாமா என்று கேட்டால், தாராளமாக. மூன்று அங்குலத்துக்குள் நிற்கும், சண்டைக்குப் போகாது, நம் வெயிலுக்குப் பழகியது. ஒரே நிபந்தனை, மெல்லிய மணல் வேண்டும். பயந்தால் நொடியில் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். சரளைக் கல் போட்ட தொட்டியில் அதற்கு ஒளிய வழியில்லை, உடம்பு கீறிப் புண்ணாகும். ஆறேழு சேர்ந்திருந்தால்தான் பகலிலும் வெளியே வரும். சந்தையில் வாங்கினால் அன்று காலை பிடித்ததா என்று கேட்டு, பாலுக்குப் போகும் முன் வாங்குங்கள்!

இனி கடையில் கிடைப்பவை. இரண்டடித் தொட்டிக்கு முதல் தகுதி கூலி லோச்சுக்கு. பெயரைக் கேட்டுத் துப்புரவுக் கூலி என்று நினைத்தார்களோ என்னவோ. உண்மையில் ஜாவாவில் ஆய்வு செய்து 1821-இல் அங்கேயே இறந்த ஜெர்மானியர் ஹைன்ரிக் கூலின் பெயர் அது. மண்புழு போல நீண்டு, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட மீன். 8 முதல் 10 செ.மீ. வரை வளரும். ஆறுக்குக் குறைந்தால் மாதக்கணக்கில் கண்ணிலேயே படாது. செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டியைக் கலைத்தால் உள்ளே கொழுகொழுவென்று இருக்கும். இரவில் இரை தேடும் மீன் என்பதால் விளக்கணைத்த பிறகே தீனி. சரளைக்கு அடியில் தட்டு வைக்கும் அண்டர்கிராவல் ஃபில்டர் இருந்தால், தட்டின் ஓர இடைவெளி வழியாக உள்ளே போய் அங்கேயே குடித்தனம் நடத்தும். பவர் ஃபில்டரின் உறிஞ்சு குழாயிலும் நுழையும். அதன் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டிவிட்டால் தீர்ந்தது. மூடியில் வயர் போகும் ஓட்டையையும் அடைத்துவிட வேண்டும். காலையில் தரையில் காய்ந்து கிடக்கும் மீன்களில் கூலிக்குத்தான் முதலிடம்.

கூலியோடு ஒத்துப்போகும் அடுத்த மீன் கோரிடோரஸ், கடைக்காரர் வாயில் கோரி. தென் அமெரிக்கக் கவசக் கெளுத்தி. பகலில் இயங்கும். ஆகவே கூலிக்கும் அதற்கும் நேரமே மோதாது. ஆனால் கோரி என்ற ஒரே பெயரில் குளிர் விரும்பியும் வெப்பம் தாங்கியும் கலந்து விற்கப்படுகின்றன. புள்ளி போட்ட பெப்பர்டு கோரிக்கும் பாண்டா கோரிக்கும் 22 முதல் 25 டிகிரி வரை சரி. மே மாதத்தில் சென்னை வீட்டுத் தொட்டி 31, 32 டிகிரிக்கு ஏறும்போது இவை நீர்மட்டத்துக்கு ஓடி ஓடிக் காற்றை விழுங்கி, ஒருநாள் அடங்கிவிடும். நம் ஊருக்கு ஸ்டெர்பாய் கோரிதான் பொருத்தம், 28 டிகிரியில் இயல்பாக இருக்கும். வெண்கல நிறக் கோரி அதற்கு அடுத்தபடி. 2024-இல் ஆய்வாளர்கள் கோரிகளை ஏழு பேரினங்களாகப் பிரித்துவிட்டதால் இணையத்தில் ஸ்டெர்பாய்க்கு ஹோப்லிசோமா என்ற முன்பெயரும் தென்படும். மீன் அதேதான். கோரியும் ஆறாக வாங்க வேண்டிய மீன், அதுவும் ஒரே வகையில் ஆறு. வகைக்கு ஒன்றாக ஆறு வாங்கினால் ஆறும் தனிமையில் இருக்கும்.

போட்டியா குடும்பத்து லோச்சுகள் வேறு குணம். யோயோ, வரிக்குதிரை லோச், ராணி, ஸ்கங்க், கிளவுன் எல்லாம் இந்த வகையறா. புத்திசாலி மீன்கள், ஓயாமல் அலையும், தங்களுக்குள் யார் பெரியவர் என்று தீர்மானிக்க அடிக்கடி மோதும். மோதும்போது நிறம் வெளுத்துச் சாம்பலாகும், சற்று நேரத்தில் பழைய நிறம் திரும்பும். இது நோயல்ல. இரண்டு மட்டும் வைத்தால் வலியது மெலியதை நாள் முழுக்க விரட்டும். மூன்று வைத்தால் கடைசி மீன் அடிவாங்கியே சாகும். ஐந்து, ஆறு என்று ஆனபிறகே விரட்டல் பலர் மேல் பரவி எவருக்கும் உறைக்காமல் போகிறது. ‘இரண்டு லோச்’ என்ற யோசனை ஏன் தவறு என்பதற்குக் காரணம் இதுதான்.

இவற்றில் கலப்புத் தொட்டிக்கு மிகச் சாது வரிக்குதிரை லோச். 8 முதல் 10 செ.மீ. அளவு. ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரிய மீன், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அருகிவரும் இனமாக உள்ளது. பண்ணையில் பெருக்கியதா, ஆற்றில் பிடித்ததா என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் யோயோவை எடுங்கள். யோயோ 12 முதல் 15 செ.மீ. வளரும், ஆகவே மூன்றடித் தொட்டிக்கு ஐந்துதான், கூடவே கோரி வேண்டாம். இரண்டும் ஒரே தரையில் தீனிக்கு வந்தால் யோயோ நான்கு உருண்டை முடித்தபிறகுதான் கோரி ஒன்றை மோப்பம் பிடித்திருக்கும். சண்டை இல்லாமலே கோரி பட்டினி கிடக்கும் ஏற்பாடு அது. மேல்தட்டில் யோயோவுக்கு ஏற்றது டைகர் பார்ப், ரோஸி பார்ப், ஜெயன்ட் டானியோ போன்ற சுறுசுறுப்பான மீன்கள். ஃபைட்டர், கப்பி, ஏஞ்சல் மாதிரி துடுப்பைத் தோகையாகத் தொங்கவிட்டு மெதுவாக நீந்துபவை வேண்டாம். துடுப்பைக் கடித்துக் கந்தலாக்கிவிடும்.

ஸ்கங்க் லோச் நான்கு அங்குலத்துக்குள் நிற்கும் என்பதால் சிறிய தொட்டிக்காரர் ஏமாந்து வாங்குவார். குடும்பத்திலேயே பொல்லாதது அதுதான். நீல உடலும் சிவப்பு வாலுமாக வரும் ரெட் டெயில் போட்டியாவும் கலப்புத் தொட்டிக்கு வேண்டாம், ஓர் அடியை நெருங்க வளரும் முரடு.

கிளவுன் லோச்சைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரஞ்சு உடலில் மூன்று கறுப்புப் பட்டையோடு இரண்டங்குலக் குஞ்சாக நிற்கும்போது வாங்காமல் நகர மனம் வராது. சுமத்ரா, போர்னியோ ஆறுகளில் இருந்து வரும் அந்த மீன் 20 முதல் 30 செ.மீ. வளரும், இருபது ஆண்டு தாண்டியும் வாழும். பள்ளிக்கூடம் சேரும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், பிள்ளை வேலைக்குப் போன பிறகும் மீன் இருக்கும். ஐந்து கிளவுனுக்குக் கடைசியில் தேவைப்படுவது 6 × 2 × 2 அடி, அதாவது சுமார் 680 லிட்டர் தொட்டி. அதற்கு இடமும் கட்டடத் தரையின் பலமும் இல்லாதவர் இப்போதே கடந்து போய்விடலாம். ‘பிறகு பெரிய தொட்டி வாங்கிக்கொள்ளலாம்’ என்பது இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் பேசப்படும் பொய். வாங்கியவர்களுக்கு இரண்டு தகவல்: அது பக்கவாட்டில் சாய்ந்து படுத்துத் தூங்கும், பதறி எடுத்து வீசிவிடாதீர்கள். தீனி நேரத்தில் ‘டக் டக்’ என்று தொட்டிக்குள் சத்தம் கேட்டால் கண்ணாடி விரிசல் விடவில்லை, மீன் பேசுகிறது.

ரெட் டெயில் ஷார்க்குக்கு வருவோம். அது சுறா அல்ல, கெண்டை வகை. தாய்லாந்தின் சாவ் பிரயா ஆற்றுப்படுகையைச் சேர்ந்தது. அங்கே அற்றுப்போகும் விளிம்பில் நிற்கிறது, கடைக்கு வருவது பண்ணை மீன். சிறு வயதில் சாது. நான்கு அங்குலம் ஆனதும் தரையின் பாதியைத் தனக்கென்று எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி நடந்துகொள்ளும். தன்னைப்போல நீண்ட உடலோடு தரையில் திரியும் எதையும் விரட்டும். லோச்சும் அந்தப் பட்டியலில் வருகிறது. ஷார்க் வேண்டுமென்றால் நாலடித் தொட்டியில் தரை மீனாக அது ஒன்று மட்டும், மேலே வேகமான பார்ப்கள். லோச் வேண்டுமென்றால் ஷார்க் கிடையாது.

பொன்னிறத்தில் ‘ஆல்ஜி ஈட்டர்’ என்று வரும் மீனும் இப்படித்தான். குஞ்சில் பாசி தின்னும், பெரிதானதும் பாசியில் ஆர்வம் போய், ஏஞ்சல் போன்ற தட்டை மீன்களின் விலாவில் ஒட்டிக்கொண்டு சளிப்படலத்தை உறிஞ்சும். மறுநாள் அந்த இடம் புண். பாசிக்கென்றே ஒரு மீன் வேண்டுமானால் சாதாரண சக்கருக்குப் பதில், அதே வகையில் சிறியதான பிரிசில்நோஸ் கேளுங்கள். 12 செ.மீ. அளவில் நின்றுவிடும், கூலியோடும் கோரியோடும் வம்புக்குப் போகாது. மூன்றடித் தொட்டிக்கு ஒன்று போதும், இரண்டு ஆண் என்றால் குகைக்குச் சண்டை வரும். சுரண்டித் தின்ன டிரிஃப்ட்வுட் எனப்படும் நீரில் ஊறிய மரக்கட்டைத் துண்டு ஒன்றும், வாரம் இருமுறை வெள்ளரிக்காய்த் துண்டும் அதற்கு வேண்டும். வெள்ளரியை இரவு போட்டுக் காலையில் எடுத்துவிட வேண்டும், விட்டால் அழுகி நீர் வெளுக்கும்.

ஆஸ்கர் போன்ற பெரிய சிக்லிட் உள்ள தொட்டியில் கோரியை விடவே கூடாது. விழுங்கப் பார்க்கும்போது கோரியின் துடுப்பு முள் விறைத்து நிற்க, அது தொண்டையில் சிக்கி இரண்டும் சாகும். ஆரால் குஞ்சை ‘ஸ்பைனி ஈல்’ என்று விற்கிறார்கள். வாயில் நுழையும் அளவு மீன் எதுவும் அதன் கூட இருக்க முடியாது, ஓர் இரவில் நியான் டெட்ரா கூட்டமே காணாமல் போகும்.

ஆக, மூன்றடித் தொட்டிக்கு எங்கள் தேர்வு ஆறு கூலி, ஆறு ஸ்டெர்பாய் கோரி, ஒரு பிரிசில்நோஸ், மேலே பதினைந்து சிறிய ராஸ்போரா அல்லது டெட்ரா. முரட்டுத்தனம் பிடிக்கும் என்பவர் அதே தொட்டியில் ஐந்து யோயோ, எட்டு டைகர் பார்ப் என்று போகலாம். இரண்டையும் கலக்கக் கூடாது. உதகை, கொடைக்கானல் வாசகர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அங்கே ஹீட்டர் இல்லாத தொட்டியில் பெப்பர்டு கோரியும், வேகமான நீரோட்டம் வைத்தால் வியட்நாமிலிருந்து வரும் ஹில்ஸ்ட்ரீம் லோச்சும் நன்றாக இருக்கும். பாறையில் ஒட்டும் அந்த மீனைச் சமவெளியில் வாங்குவது காசைக் கரியாக்குவது.

வெப்பம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடுகிறது. குறைவது முதலில் தரையில்தான், எச்சம் மக்கும் இடமும் அதுவே. லோச்சும் கோரியும் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் ஓரளவு மூச்சு விடும். எப்போதாவது வந்தால் அது இயல்பு, நிமிடத்துக்கு நிமிடம் வந்தால் நீரில் ஏதோ கெட்டிருக்கிறது. கோடையில் மூடியைக் கொஞ்சம் விலக்கி, இடைவெளியில் கொசுவலை கட்டி, நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறி ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியான நீருக்கு ஈடாக ஆர்.ஓ. நீர் ஊற்றுங்கள், போர்வெல் நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மின்வெட்டுக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

போர்வெல் நீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள உப்புகளின் அளவு, 900 என்று காட்டினால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. நீர் கலந்தால் ஐந்நூறுக்குக் கீழே வரும், மேலே சொன்ன கூட்டணிக்குப் பழகிக்கொள்ளக்கூடிய அளவு அது. குழாய்நீரில் குளோரின் இருக்கும், மீன் கடையில் கிடைக்கும் ஹைப்போ என்ற குளோரின் நீக்கி உப்பைப் போட்டு நீக்கியபிறகே தொட்டிக்கு. புதுத் தொட்டியில் முதலில் தரை மீனை விடாதீர்கள். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். செதில் நுண்ணியதாகவோ இல்லாமலோ இருக்கும் லோச் அந்தக் காலத்தைத் தாங்காது.

மணல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், அளவுக்கு மிஞ்சவும் வேண்டாம். ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். மூன்றடித் தொட்டிக்கு இரண்டு அங்குலம் என்றால் சுமார் 30 கிலோ. உருண்ட மணியுள்ள ஆற்றுமணலோ நீர் வடிகட்டப் பயன்படும் சிலிக்கா மணலோ சரி. எம்-சாண்ட் உடைத்த கல், முனை கூர்மை, கோரியின் மீசை தேய்ந்து மொட்டையாகும். கடல்மணலில் கிளிஞ்சல் தூள் இருக்கும், அது நீரின் கடினத்தைக் கூட்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி மணலில் வினிகர் விடுங்கள், நுரைத்தால் வேண்டாம். வெளுத்த நீர் தெளிந்து ஓடும்வரை அலசிப் போடுங்கள். பட்டாணி அளவுச் சாயக் கல் அழகாக இருக்கும், ஆனால் தீனி இடுக்கில் விழுந்து மீனுக்கும் எட்டாமல் சைஃபனுக்கும் எட்டாமல் அழுகும். மீசை தேய்வதற்குக் கூர்மை பாதிக் காரணம், அழுகலில் பெருகும் கிருமி மீதிக் காரணம். எனவே நல்ல மணல் போட்டவரும் வாரம் ஒருமுறை விரலால் கிளறிவிட வேண்டும்.

ஒளிய இடத்துக்குச் செலவே இல்லை. ஒரு பக்கம் உடைத்து ஓரம் தேய்த்த கொட்டாங்குச்சி, ஒருமுறை கொதிக்க வைத்தால் சாயம் இறங்கும். முக்கால் அங்குல பி.வி.சி. குழாயை ஒரு சாண் நீளத்தில் வெட்டி மூன்று நான்கைக் கட்டிப் போட்டால் கூலிக்கு மாளிகை. மீன் எண்ணிக்கையைவிட ஓரிரு பொந்து கூடுதலாக இருக்கட்டும். கல்லை மணல் மேல் வைக்காமல் தொட்டித் தரையில் ஊன்றி, பிறகு சுற்றி மணல் நிரப்புங்கள். லோச் அடியில் தோண்டும்போது கல் சாய்ந்து நசுக்குவது அப்படித்தான் தவிரும்.

தீனிக்கு வந்தால், மேலே மிதக்கும் உருண்டை தரைக்கு வந்து சேராது. மூழ்கும் உருண்டை அல்லது வில்லையை விளக்கணைத்து அரைமணி கழித்து, இரண்டு இடத்தில் பிரித்துப் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் பெரியது காவல் காக்கும். உறைந்த இரத்தப்புழு வாரம் இரண்டு நாள். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு மலிவு, மீனுக்கும் பிரியம். ஆனால் அது சாக்கடைச் சேற்றில் வளர்வது, ஒன்றிரண்டு நாள் ஓடும் நீரில் வைத்துக் கழுவாமல் போட்டால் நோயைக் காசு கொடுத்து வாங்கியதாகும். நத்தையை ஒழிக்க யோயோ வாங்குவோர் உண்டு. தின்னும், உண்மைதான். ஆனால் நத்தை பெருகியது மிச்சத் தீனியால். தீனியைக் குறைத்தால் நத்தை தானே குறையும், யோயோவோ பதினைந்து செ.மீ. மீனாக உங்களோடு தங்கிவிடும்.

நோயில் லோச்சுக்கு முதல் எதிரி, ஒட்டுண்ணியால் உடம்பில் வெள்ளைப் புள்ளி தோன்றும் வெண்புள்ளி நோய். மழைக்காலத்தில் இரவு வெப்பம் திடீரென்று இறங்கும்போது வரும். ஹீட்டர் லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில், 190 லிட்டருக்கு 200 வாட் வைத்து 27 டிகிரியில் நிறுத்தினால் பெரும்பாலும் வராது. வந்துவிட்டால் செதிலுள்ள மீனுக்கு அட்டையில் எழுதிய அளவு மலக்கைட் கிரீன் மருந்தை லோச் உள்ள தொட்டியில் ஊற்றாதீர்கள், பாதி அளவே போதும். தாமிரம் கலந்த மருந்து அறவே கூடாது. கூலி, ஸ்டெர்பாய், போட்டியா உள்ள தொட்டியில் மருந்துக்கு முன்னே செய்யக்கூடியது, ஒரு நாளுக்கு இரண்டு டிகிரியாக 30-க்கு ஏற்றி, ஏர் பம்பைக் கூட்டி, 10 முதல் 14 நாள் அப்படியே வைப்பது. புள்ளி மறைந்ததும் மூன்றாம் நாளே நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மருந்தும் வெப்பமும் கொல்வது நீரில் நீந்தும் பருவத்தை மட்டும். தோலுக்குள் இருப்பதும் மணலில் கூடு கட்டியதும் தப்பி அடுத்த வாரம் திரும்பும்.

இன்னொன்று, நன்றாகத் தின்றும் முதுகு கத்திபோல் மெலியும் நோய். காட்டில் பிடித்து வரும் கிளவுனில் அதிகம், குடல்புழுதான் பெரும்பாலும் காரணம். லெவாமிசோல் என்ற புழுநீக்க மருந்து லிட்டருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரம், பிறகு பாதி நீரை மாற்றி, இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை. மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்வது நல்லது. கடையிலேயே மெலிந்து நிற்கும் லோச்சை இரக்கப்பட்டு வாங்காதீர்கள். மீசை முழுதாக உள்ளதா, வயிறு உருண்டுள்ளதா, மற்றவற்றோடு சேர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள், தீனி போடச் சொல்லியும் பாருங்கள். வீட்டுக்கு வந்த புது மீனுக்கு 20 லிட்டர் வாளியும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வைத்து மூன்று வாரம் தனிவாசம்.

பிடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. போட்டியா லோச்சுக்கும் அயிரைக்கும் கண்ணுக்குக் கீழே மடங்கும் முள் ஒன்று இருக்கிறது. பயந்தால் அது விறைக்கும். வலையில் சிக்கினால் இழுக்கக் கூடாது, கண்ணே கிழியும். வலையை நீருக்குள் வைத்தே அந்த நூலைக் கத்தரியுங்கள். இன்னும் நல்லது வலையை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டிப் பிடிப்பது. மீன் பதுங்கிய பி.வி.சி. குழாயின் இரு முனையையும் விரலால் பொத்தித் தூக்கிவிட்டால் அதைவிடச் சுலபம். கோரியின் துடுப்பு முள்ளும் பாலித்தீன் பையைக் குத்தும், இரட்டைப் பை கேளுங்கள்.

கடைசியாகச் சக்கர். தொட்டிக்குள் அடங்காமல் போனதும் அதை ஏரியில் விடுவதைப் புண்ணியமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தென் அமெரிக்க மீன் அது. கவசம் போன்ற தோல் இருப்பதால் நம் நீர்நிலைகளில் அதைத் தின்ன ஆளில்லை, கரையில் வளை தோண்டி முட்டையிட்டுப் பெருகுகிறது, மீனவர் வலையைக் கிழிக்கிறது. தமிழ்நாட்டு ஏரி குளங்களில் ஏற்கெனவே அது பரவிக் கிடக்கிறது. வளர்ந்த சக்கரைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி உள்ளவருக்குக் கொடுங்கள், கிணற்றிலும் ஏரியிலும் விடாதீர்கள்.

எனவே ஆசிரியர் அவர்கள் அடுத்த ஞாயிறு இணைப்பில், ‘ஒரு சக்கர், ஒரு ரெட் டெயில் ஷார்க், இரண்டு லோச்’ என்ற வரிக்குப் பதிலாக ‘இரண்டடித் தொட்டிக்கு ஆறு கூலி லோச், மூன்றடித் தொட்டிக்கு அவற்றோடு ஆறு ஸ்டெர்பாய் கோரியும் ஒரு பிரிசில்நோசும்’ என்று ஒரு திருத்தம் போட்டால் போதுமானது. இடம் இருந்தால் மணல் பற்றியும் ஒரு வரி.

இப்படிக்கு,
வண்ணமீன் வளர்க்கும் வாசகர்கள் சிலர்,
கொளத்தூர், சென்னை.